உயிரோடிருப்பவளுக்கு ஒரு துக்க வாரம்

சம்பாய், மிசோரம்
14 மார்ச் 1993

அன்புள்ள ரோகிமா,

போன ஆகஸ்டில் விடுப்பு முடிந்து நீ ஜீப்பில் ஏறும்போது என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அக்கா, இந்தப் புழுக்கத்துலயும் ரெம்மாவி ஏன் முழுக்கைச் சட்டையே போட்டிருக்கா?" நான் சிரித்தேன். "பதினாறு வயசுப் பொண்ணுங்க அப்படித்தான்டா, கூச்சம்" என்றேன். முப்பத்தோரு வருடம் வகுப்பறையில் நின்றவள் நான். கடைசி வரிசையில் தொடைக்கு அடியில் ஒளித்த துண்டுச் சீட்டையும் கண்டுபிடித்தவள். உன் கேள்விக்கு நான் சொன்ன விடைக்கு மதிப்பெண் பூஜ்யம்.

அது கூச்சம் இல்லை, ஊசித் தழும்பு. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் வெள்ளைப் பொடி. எட்டு மாதமாக என்கிறாள். சியாமி இறந்த ஐந்தாவது மாதத்தில் உன் மகள் இதைத் தொட்டிருக்கிறாள். அம்மாவை இழந்த பிள்ளை என்று நான் கேள்வி கேட்காமல் விட்டதெல்லாம் அவளுக்கு வசதியாகப் போயிற்று. சியாமியின் தையல் மெஷினைக் காணோம். "ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன் அத்தை" என்றாள். எந்தக் கடை என்று கேட்டேன். அங்கேதான் மாட்டிக்கொண்டாள்.

பயப்படாதே. முறைப்படி செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டேன். சித்தப்பா, சியாமியின் அண்ணன்மார், சபை மூப்பர், தெருச் சங்கத் தலைவர் லியான்குமா என்று பதினேழு பேர் நம் கூடத்தில் கூடினோம். லியான்குமா என்னிடம் படித்தவன்தான். ஆளுக்கு ஒரு ஜெபம், ஆளுக்கு ஒரு புத்திமதி. மூன்று மணி நேரம் ஆயிற்று. ரெம்மாவி அழுதாள், பாவத்தை ஒப்புக்கொண்டாள், நாங்களும் அழுதோம். பிறகு பன்றிக்கறியும் சோறும். கை கழுவும்போதே மூப்பர் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை சபையில எந்திரிச்சு சாட்சி சொல்லட்டும். மத்த பிள்ளைங்களுக்கும் பாடமா இருக்கும்."

போன ஞாயிறு சொன்னாள். எவ்வளவு நன்றாகச் சொன்னாள் தெரியுமா? பின்வரிசைக் கிழவர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இன்னும் இரண்டு சபையிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். தண்டனையில்லாமல், அன்பாலேயே திருத்திவிட்டோம்.

உன் அக்கா
சங்சுவாலி


பாட்மேர், ராஜஸ்தான்
29 மார்ச் 1993

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. முதல் பக்கத்தைப் படித்துவிட்டு ரோந்துக்குப் போனேன். இரண்டாவது பக்கத்தைத் திரும்பி வந்துதான் படிக்க முடிந்தது.

நம் ஊர்ப்பக்கத்துப் பையன்கள் இரண்டு பேர் என் பட்டாளக் கம்பெனியில் இருக்கிறார்கள். சாட்சி சொன்ன இடத்தை மட்டும் அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். "அண்ணே, உங்க பொண்ணு போதகராயிடுவா" என்றார்கள்.

சபைக்குக் கட்டிக்கொண்டு போக அவளுக்கு ஒரு நல்ல புவான் வாங்கிக் கொடுங்கள், கறுப்பும் வெள்ளையும் கலந்தது. மணியார்டர் அனுப்புகிறேன். அடுத்த சபையில் பேசும்போது யாரையாவது போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். சியாமியின் பெயர் கெடாமல் தப்பித்தது.

ரோகிமா


சம்பாய்
19 ஏப்ரல் 1993

அன்புள்ள தம்பி,

போட்டோ இல்லை. அனுப்பவும் மாட்டேன்.

நான்காவது சபையில் ரெம்மாவி பேசி முடித்து, பாட்டு தொடங்கியபோது ஆளைக் காணவில்லை. பாடகர் அங்கி மாட்டும் அறையில் கிடந்தாள். நீ வாங்கித் தரச் சொன்ன புவான் இடுப்பில். உதடு நீலம் பாரித்திருந்தது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்தாள். சபையே பார்த்தது.

மறுநாள் அவளிடம் கேட்டேன். திட்டவில்லை. திட்டுவதற்கு என்னிடம் தெம்பு இல்லை.

"அவ்வளவு பேர் முன்னாடி நிக்கணும்னா எனக்கு அது வேணும் அத்தை. நீங்கதானே நிக்க வெச்சீங்க."

"முதல் தடவையேவா?"

"முதல் தடவை கொஞ்சம். அப்புறம் முழுசா. ஒவ்வொரு சபையிலயும் டீ குடுத்து, பஸ்ஸுக்குன்னு காசும் குடுத்தாங்க. நல்ல மனுசங்க."

சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பை உனக்கு எழுதத் தெரியவில்லை.

எனக்கு ஒரு பழைய வகுப்பு ஞாபகம் வந்தது. நாலாம் வகுப்பில் திக்கிப் பேசும் ஒரு பிள்ளை இருந்தான். ஒருநாள் ஒரு பாட்டைத் திக்காமல் சொன்னான். நான் குதித்துப்போய் ஆண்டு விழா மேடையில் ஏற்றினேன். மேடையிலும் சொல்லிவிட்டான், எல்லோரும் கைதட்டினார்கள். அதன் பிறகு பள்ளிக்கூடம் முடிகிறவரை அவன் வாயைத் திறக்கவில்லை. குணமாகத் தொடங்கியதைக் குணமாகிவிட்டது என்று ஊருக்குக் காட்டினால், அந்தப் பிள்ளைக்கு அப்புறம் தடுமாறக்கூட உரிமை இல்லாமல் போகிறது. அதே தப்பைத்தான் இரண்டாவது முறை செய்தேன், இம்முறை சொந்த வீட்டில். நம் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் செய்திருப்பார்கள் என்பது எனக்கு ஆறுதல் இல்லை.

நேற்று லியான்குமா ஒரு தாளோடு வந்தான். மலையடியில் சங்கம் நடத்தும் முகாமில் ஆறு மாதம் விட வேண்டுமாம். பெற்றவன் கையெழுத்து வேண்டும். "டீச்சர், அன்பெல்லாம் காட்டியாச்சு. இனி எங்ககிட்ட விடுங்க" என்றான். இன்னொரு தாள் உனக்கும் போகும். கையெழுத்துப் போடாதே. முதலில் நான் அந்த முகாமைப் போய்ப் பார்க்கிறேன்.

சங்சுவாலி


பாட்மேர்
4 மே 1993

அக்கா,

தாளில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். கிடைத்த அன்றே லியான்குமாவிடம் கொடுங்கள்.

என் மகளைப் பற்றி ஒரு வருடத்துக்கு மேலாக எல்லா முடிவும் நீங்கள்தான் எடுத்தீர்கள். நான் பணம் அனுப்பினேன், நீங்கள் முடிவெடுத்தீர்கள். பலன் அங்கி மாட்டும் அறையில் கிடந்தது. இனி என் முடிவு. இங்கே ஒழுங்கு தவறினவனைக் கொஞ்சினால் பக்கத்தில் நிற்பவன் சாவான். ஆறு மாதம் கஷ்டப்பட்டால் ஆறு மாதம்தான்.

இதையும் சொல்கிறேன். உங்களுக்குப் பிள்ளை இல்லை. ஊரார் பிள்ளைகளைச் சாயங்காலம் மூன்று மணி வரைக்கும்தான் உங்களுக்குத் தெரியும். மூன்று மணிக்கு மேல் பிள்ளை என்றால் என்ன என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

ரோகிமா


சம்பாய்
21 மே 1993

ரோகிமா,

நீ கையெழுத்துப் போட்ட தாளில் கருவாட்டைச் சுற்றி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறேன். நல்ல கனமான தாள், எண்ணெய் இறங்கவில்லை.

மூன்று மணிக் கதைக்கு வருகிறேன். நீ ஏழு வயதில் டைபாய்டில் கிடந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. உனக்கு வாய் துடைத்துவிட்ட நேரம் மூன்று மணிக்கு முன்னாலா பின்னாலா என்று குறித்துவைக்கவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். உன்னை நான் மன்னித்துவிட்டதாகவும் நினைத்துக்கொள்ளாதே.

முகாமுக்குப் போனேன். பெண்களுக்குத் தனிக் குடிசை. ஒரு பெரிய மரக்கட்டையில் வரிசையாகத் துளை போட்டு, கணுக்காலை உள்ளே விட்டுப் பூட்டியிருக்கிறார்கள். ஆறு பேர், எல்லோருக்கும் மொட்டை. சாப்பாட்டுக்கு முன்னால் பாட்டு, பின்னால் பாட்டு. ஒருத்தி எட்டாம் வகுப்பில் என்னிடம் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள். என்னைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "இது எத்தனாவது தடவை?" என்று காவலுக்கு இருந்தவனைக் கேட்டேன். "மூணாவது டீச்சர். வெளிய போனா திரும்ப வந்துடுறாங்க" என்றான். ஒரே கணக்குக்கு மூன்று முறை தப்பு விடை வந்தால் நான் பிள்ளையை அடிக்க மாட்டேன், வழிமுறையைப் பார்ப்பேன்.

மருத்துவமனை டாக்டரைப் பார்த்தேன். சின்ன வயசுக்காரர், சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். "இது வியாதி டீச்சர். முதல் பத்து நாள் உடம்பு முறுக்கும், வாந்தி, பேதி, தூக்கம் வராது. மாத்திரை நான் தர்றேன், தினமும் வந்து பார்க்கிறேன். ஆனா அவளைத் தனியா விடக்கூடாது. உங்க ஒருத்தரால முடியாது, ஆள் வேணும்." என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "ஒண்ணும் செய்ய வேண்டாம். கூட இருக்கணும்" என்றார்.

கூட இருப்பதற்கு நம் ஊரில் ஆளுக்கா பஞ்சம்? சியாமி போனபோது ஒரு வாரம் இந்த வீட்டில் கால் வைக்க இடமில்லை. தெருவே வந்து உட்கார்ந்து மேளம் தட்டி, மெதுவாகத் துக்கப் பாட்டுப் பாடி, எங்களைத் தனியாகத் தூங்கவிடாமல் பார்த்துக்கொண்டது. சர்க்கரையும் டீத்தூளும் அவர்களே கொண்டு வந்தார்கள். இப்போது அதே வீட்டின் முன்னால் எதிர்ப் பக்கமாக நடந்து போகிறார்கள். நேரே லியான்குமா வீட்டுக்குப் போனேன்.

"என் வீட்டுக்குத் துக்கம் காக்க ஆள் அனுப்பு. ஒரு வாரம்."

"யார் டீச்சர் தவறினது?" பதறி எழுந்துவிட்டான்.

"இன்னும் யாரும் இல்ல. அதான் இப்பவே கூப்பிடுறேன்."

"டீச்சர், உயிரோட இருக்கிறவங்களுக்குத் துக்கம் காக்கிறது அபசகுனம்."

"அபசகுனம் ஏற்கெனவே என் வீட்டுக்குள்ள வந்து படுத்திருக்குடா. அதுக்குப் பக்கத்துல உக்கார ஆள் வேணும்."

"சங்கத்துல ஒத்துக்க மாட்டாங்க. பெத்தவரே கையெழுத்துப் போட்டுட்டாராமே."

"கருவாடு வேணும்னா வந்து வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவனுக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

அவன் கெட்டவனல்ல, தம்பி. போன வருடம் சொந்தத் தம்பியை இதே பொடிக்குப் புதைத்தவன். பயத்தில் கட்டையைச் செதுக்குகிறான்.

திங்கட்கிழமை தொடங்குகிறோம். யார் வந்தாலும் வராவிட்டாலும்.

சங்சுவாலி


சம்பாய்
2 ஜூன் 1993

ரோகிமா,

உன் பதில் வரவில்லை. கோபத்தில் இருப்பாய். இரு. நான் எழுதுவதை எழுதுகிறேன்.

முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவை அகலத் திறந்து, துக்க வீட்டில் போடுவது போலப் பெஞ்சு போட்டு, பெரிய பானையில் டீ கொதிக்க வைத்தேன். கதவில் ஒரு தாள் ஒட்டினேன்: "புத்திமதி வேண்டாம். சத்தமாக ஜெபம் வேண்டாம். எப்படி இருக்கிறாய் என்று கேட்க வேண்டாம். வந்து உட்காரலாம்." ஒருவரும் வரவில்லை. பானை டீயையும் நான் குடித்தேன் என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய், பாதி குடித்தேன். உள்ளே ரெம்மாவி பாயில் சுருண்டு கால் உதைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். பட்டாளத்துக்காரன் மகள் என்பது தெரிந்தது.

இரண்டாம் நாள் சிங்புயி வந்தாள், சந்தையில் கீரை விற்கிறவள். அவள் மகன் இரண்டு வருடத்துக்கு முன்னால் காய்ச்சலில் போனான் என்று நாமெல்லாம் சொல்லிக்கொண்டோமே, அவள்தான். "காய்ச்சல் இல்ல டீச்சர், உங்களுக்கும் தெரியும்" என்றாள். "ஸ்வெட்டர் பின்ன எடுத்துட்டு வந்திருக்கேன். வாயத் திறக்க மாட்டேன்."

ஆனால் பாட்டுக்கு மட்டும் வாயைத் திறந்தாள், மெல்லிய குரலில். உள்ளிருந்து ரெம்மாவி கத்தினாள்: "யார் செத்துட்டாங்கன்னு இங்க வந்து பாடுறீங்க?"

"யாரும் சாகலடி. அதான் எனக்கு ராகம் சேர மாட்டேங்குது" என்றாள் சிங்புயி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்புறம் உள்ளேயிருந்து, "ரெண்டாவது வரி தப்பு" என்று ஒரு குரல்.

மூன்றாம் நாள் நான்கு பேர். நான்கு பேரும் பிள்ளை பெற்றவர்கள், நான்கு வீட்டிலும் முழுக்கைச் சட்டை இருக்கிறது. இதுநாள்வரை ஒருவர் வீட்டுக் கதை மற்றவருக்குத் தெரியாது. சர்க்கரைப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, துக்க வீட்டில் உட்காருவது போலவே உட்கார்ந்தார்கள். மூப்பர் வந்து வாசலில் நின்று, "இது சாவுக்குச் செய்யிற மரியாதை. இதை வெச்சு விளையாடக் கூடாது" என்றார். "விளையாடல ஐயா. சாவுக்கு ஒரு வாரம் குடுக்கிற நாம, உயிருக்கு ஒரு சாயங்காலம் குடுக்கக் கூடாதா?" என்றேன். படியிறங்கிப் போனார். மறுநாள் அவர் மனைவி வந்தாள்.

ஐந்தாம் நாள் லியான்குமா. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். "தலைவரா வரல டீச்சர்." ஒரு டீ குடித்தான். போகும்போது கதவில் இருந்த தாளை இன்னொரு முறை படித்துவிட்டுப் போனான்.

பத்து நாள் முடிந்தது. இன்று காலை அவள் அரைத்தட்டுச் சோறு சாப்பிட்டாள். குணமாகிவிட்டாள் என்று நான் எழுத மாட்டேன். அந்த வார்த்தையை இந்த வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்று தடை போட்டிருக்கிறேன். கீழே அவள் கையெழுத்தில் ஒரு வரி. என்ன எழுதினாள் என்று நான் பார்க்கவில்லை.

சங்சுவாலி

அப்பா, அந்தத் தாளைப் பார்த்தேன். உங்க கையெழுத்து ரொம்ப அழகா இருந்துச்சு, ஒரு இடத்துலகூட நடுங்கல. — ரெ.


பாட்மேர்
17 ஜூன் 1993

அக்கா,

என் கை நடுங்கியது என்று அவளிடம் சொல்லுங்கள். லியான்குமா அனுப்பிய கட்டில் நான்கு தாளைக் கெடுத்துவிட்டு ஐந்தாவதாகப் போட்ட கையெழுத்து அது. மற்ற நான்கும் பெட்டியில் இருக்கின்றன.

மூன்று மணி என்று எழுதியதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீங்கள் மன்னிக்க வேண்டாம்.

உங்களுக்குச் சொல்லாத ஒன்று. சியாமி இறந்த தந்தி எனக்கு வந்து, ரயில் ஏறி, லாரி பிடித்து நான் சேர்ந்தபோது ஒன்பது நாள் ஆகியிருந்தது. துக்க வாரம் முடிந்து பெஞ்சுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எல்லோரும் பாடி முடித்திருந்தார்கள். கல்லறைக்கு நானும் ரெம்மாவியும் போனோம். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அழுவேனா என்று பார்த்தாள் என்பது இப்போது புரிகிறது. நான் கல்லறைக் கல் சாய்ந்திருக்கிறது என்று சொல்லி, அதை நிமிர்த்தினேன். நான்காம் நாள் திரும்பிவிட்டேன்.

லியான்குமாவுக்கு நேராகவே எழுதிவிட்டேன்: என் கையெழுத்து செல்லாது. அந்தக் கடிதம் கிடைக்கும் முன்பே அவனுடைய கடிதம் எனக்கு வந்தது. எட்டாம் தேதி ரெம்மாவி மறுபடியும் ஊசி போட்டுக்கொண்டாள் என்றும், சங்கத்தில் சிலர் கொதிக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறான். உண்மையா? நீங்கள் ஏன் எழுதவில்லை?

ஜூலை பத்தாம் தேதி முதல் நாற்பது நாள் விடுப்புக் கிடைத்திருக்கிறது. நான் அவளிடம் என்ன பேச வேண்டும்? ரயிலில் நான்கு நாள் இருக்கிறது, எழுதி அனுப்பினால் மனப்பாடம் செய்துகொள்வேன்.

ரோகிமா


சம்பாய்
1 ஜூலை 1993

அன்புள்ள ரோகிமா,

உண்மைதான். எட்டாம் தேதி விழுந்தாள். எழுதாததற்குக் காரணம் பயம் இல்லை, முதல் ஆறு நாள் எனக்குப் பேனா பிடிக்க நேரமில்லை; பிறகு உன் பதில் வரட்டும் என்று காத்திருந்தேன். அன்று சாயங்காலமே பெஞ்சைத் திரும்பப் போட்டேன்.

இந்தத் தடவை ஒரு வித்தியாசம். போன தடவை நாம் கண்டுபிடித்தோம். இந்தத் தடவை அவளே வந்தாள். சந்தையில் சிங்புயியின் கீரைக் கூடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, "போட்டுட்டேன். அத்தைகிட்ட நீங்க சொல்லுங்க" என்றாளாம். சிங்புயி வியாபாரத்தை அப்படியே விட்டுவிட்டுக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை ஒரு வார்த்தையில் தடுக்கினால் நாம் அரிச்சுவடியை மறுபடி முதலிலிருந்து தொடங்குவதில்லை. தடுக்கின வார்த்தையிலிருந்து தொடங்குவோம்.

மறுநாள் சங்கத்திலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள், கயிறும் கொண்டு வந்தார்கள். லியான்குமா முன்னால் நின்றான். அவனும் அவர்களோடு வந்துவிட்டான் என்று நினைத்து வாசலில் குறுக்கே நின்றேன். "என்னைத் தாண்டித்தான் தொடணும்" என்றேன். அவன் என்னைத் தாண்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, எனக்குப் பக்கத்தில் வந்து, அவர்களைப் பார்த்துத் திரும்பி நின்றான். "என் தம்பிய நாம கட்டையில பூட்டினோம். எங்கம்மா சாவி கேட்டு அழுதப்ப நான் குடுக்கல. உள்ள வர்றதுன்னா வாங்க, டீ இருக்கு. கயிறு வெளிய." ஐந்து பேர் திரும்பிப் போனார்கள். மூன்று பேர் கயிற்றை வேலியில் தொங்கவிட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். அந்த ஐந்து பேர் இன்னும் நம்மோடு பேசுவதில்லை. பேச வேண்டாம்.

இப்போது வாரத்தில் மூன்று சாயங்காலம், மூன்று வீட்டில் பெஞ்சு போடுகிறார்கள். டாக்டர் எல்லா வீட்டுக்கும் போகிறார். இதில் எத்தனை பிள்ளைகள் பிழைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நம் பிள்ளை பிழைப்பாளா என்றும் தெரியாது. இன்றோடு இருபத்துமூன்று நாள். அவள் மறுபடி விழுந்தால் நான் மறுபடி பெஞ்சு போடுவேன், நாற்பது தடவையானாலும். ஊருக்குச் சலித்தாலும் எனக்குச் சலிக்காது.

நடுங்கின கையைப் பற்றி நீ எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "நாலு தாளையும் கொண்டு வரச் சொல்லுங்க. பார்த்துட்டுத்தான் நம்புவேன்" என்றாள். கொண்டு வா.

மனப்பாடம் செய்வதற்கு நான் எதுவும் எழுதி அனுப்பப் போவதில்லை. பேச்சு உனக்கு வராது, அவளுக்கும் இப்போது அது வேண்டாம். உனக்குத் தெரிய வேண்டியது வேறு, அதைப் பழகத்தான் வேண்டும். வீட்டுக்கு வந்து பழகலாம் என்று தள்ளிப்போடாதே. உன் பட்டாள முகாமில் யாரும் பக்கத்தில் போகாத ஒருவன் இருப்பான், எல்லா இடத்திலும் ஒருவன் இருக்கிறான். இன்றைக்குச் சாயங்காலம் அவன் கட்டிலின் ஓரத்தில் போய் உட்கார். அரை மணி நேரம் அவனிடம் எதுவும் கேட்காமல், எதுவும் சொல்லித்தராமல், எழுந்து போகாமல் இரு.

அக்கா